செருப்புக் காலும் ஸ்கேட்டிங் பூட்ஸும்

நாலு பேர் பார்க்க நான் ஒரே ஒரு தடவைதான் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடியிருக்கிறேன். மொத்தம் ஆறு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. கைதட்டல் வந்தது அந்த நாலு நிமிஷத்துக்குத்தான்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் கத்தியோ சக்கரமோ வைத்த உயரமான பூட்ஸை மாட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்றபடி வழுக்கிப் போவது, சுழல்வது, ஒற்றைக் காலில் நிற்பது, இதையெல்லாம் செய்யும்போது சிரித்த முகம் மாறாமல் இருப்பது. இதுதான் ஃபிகர் ஸ்கேட்டிங். பனித்தரை என்றால் கத்தி, சிமெண்டுத் தரை என்றால் நாலு சக்கரம். டிவியில் பார்க்கிறவர்கள் ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் மூன்று வருஷம் அவர்களுடைய பாதங்களைப் பார்த்தவன். அதனால் அடித்துச் சொல்வேன், அந்தச் சிரிப்பு பொய்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா செத்துப்போனார், நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இரண்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அவர் இருந்திருந்தாலும் விட்டிருப்பேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. திருப்பூரில் பனியன் மடித்தேன். கோவாவில் தட்டு கழுவினேன். சூரத்தில் ஒரு கிடங்கில் மூட்டைகளின் மேல் படுத்து இரண்டு மாசம் தூங்கினேன் (அதுவரை தூங்கிய இடங்களிலேயே மெத்தென்று இருந்தது அதுதான்). கடைசியில் ஒரு ஏஜென்ட் புண்ணியத்தில் துபாய். அங்கே ஒரு மாலுக்குள் ஐஸ் தரை. என் வேலை, தரைக்கு வெளியே கவுண்டரில் நின்று பூட்ஸ் எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் வாடை போக மருந்தடித்துக் காயவைப்பது, லேஸ் கட்டத் தெரியாதவர்களுக்குக் கட்டிவிடுவது.

வாடகை பூட்ஸ் போடுகிறவர்கள் அரை மணியில் நொண்டிக்கொண்டு வருவார்கள். சொந்த பூட்ஸ் வைத்திருக்கும் நிஜ ஆட்டக்காரர்கள் நொண்ட மாட்டார்கள். ஆனால் பூட்ஸைக் கழற்றினால் பார்க்கச் சகிக்காது. கணுக்காலில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு முண்டு. குதிகாலுக்குப் பின்னால் இன்னொன்று. சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கும். நகம் கறுத்திருக்கும். லேஸ் அழுத்தி அழுத்தி பாதத்துக்கும் காலுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு கோடு. இதற்கெல்லாம் நான் வைத்தியம் சொல்வேன். விரல் பக்கம் லேஸைத் தளர்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கு, ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போடு, இரண்டு போடாதே. ஐந்து பாஷையில் சொல்லியிருக்கிறேன். சொன்னேனே ஒழிய, மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தத் தரையில் ஓடியதில்லை. ஒரே ஒரு தடவை, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு போட்டோ எடுத்தேன். கம்பி தெரியாதபடி வெட்டி ஊருக்கு அனுப்பினேன்.

விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது. என் அக்கா புதுச்சேரி மூலக்குளத்தில் பிளவுஸ் தைக்கிறவள். அளவு கொடுக்க வந்த பெண்களிடமெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். முதலில், தம்பி ஐஸ் மேல் வேலை செய்கிறான் என்று சொன்னாள். ஆறு மாசத்தில் தம்பி ஐஸ் மேல் ஆடுகிறான் என்றானது. நான் ஊர் திரும்பியபோது துபாய்க்காரர்களுக்கே ஆடக் கற்றுக்கொடுத்த மாஸ்டராகியிருந்தேன். திருத்தியிருக்கலாம். ஆனால் தெருவில் போனால் ஆட்கள் எழுந்து நின்று பேசினார்கள். அதுவரை என்னைப் பார்த்து எழுந்தவர்கள் பஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள் மட்டும்தான்.

ஊரில் எனக்கு வேலை கொடுத்தவர் ஒரு மதாம். புதுச்சேரியில் பிறந்து பிரான்சில் வளர்ந்த தமிழ்க்காரம்மா, ஐம்பது தாண்டித் திரும்பி வந்தவர். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கிடங்கின் தரையை மழமழவென்று தேய்த்துப் பிள்ளைகளுக்குச் சக்கர ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்தார். அவரிடம் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். சொன்னது என் நேர்மையினால் இல்லை. பூட்ஸை நான் கையில் வாங்கிய விதத்தைப் பார்த்ததுமே, "நீ மாட்டிவிடுற ஆளு, மாட்டிக்கிற ஆளு இல்லை" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த வேலைக்கே வைத்துக்கொண்டார். போட்டுக்கொள்ள ஒரு பழைய டிராக் சூட் கொடுத்தார். அதன் முதுகில் பெரிதாக 'கோச்' என்று அச்சடித்திருந்தது. நான் அதைத் துவைக்கிற நாள் தவிர எல்லா நாளும் போட்டேன்.

அந்த முதுகைப் பார்த்துதான் சவரிமுத்துவுக்கு என்னைப் பிடித்துப்போனது. அவர் எங்கள் வட்டாரத்துச் சர்ச்சான பங்குக் கோயிலில் முக்கியமான ஆள், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொய் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவருடைய பெண் ரெஜினா, நேரு வீதியில் ஒரு செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். ரெஜினாவின் அம்மாவும் என் அக்காவும் பிளவுஸ் கழுத்து அளவைப் பேசிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தத்தையும் பேசிவிட்டார்கள். நாங்கள் பெண் பார்க்கப் போனோம்.

நம் வழக்கப்படி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். அதில் எனக்கு ஒரு ஆபத்து இருப்பது அப்போது தெரியாது. என் பாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பு, இல்லாவிட்டால் வெறுங்கால். விரல்கள் ஐந்தும் பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பிகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியைச் செருகலாம். ரெஜினா காபி கொண்டுவந்தாள். எல்லாரும் அவள் வெட்கத்தில் தலையைக் குனிந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினியாம் நம்பர் போடுவீங்க?" என்று கேட்டாள்.

நான் எட்டு என்றேன். பத்து இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. இந்த வீட்டில் சரி என்று சொல்லாவிட்டால் மறுபடியும் சூரத்து மூட்டைக்கே போய்விடலாம் என்று தோன்றிவிட்டது. அந்தத் தவிப்பில், யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன். வருகிற சனிக்கிழமை எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் நிகழ்ச்சி இருக்கிறது, நீங்கள் எல்லாரும் வர வேண்டும் என்றேன். சவரிமுத்து, தவக்காலமாச்சே, ஈஸ்டர்வரை கொண்டாட்டம் கூடாதே என்று யோசித்தார். பிறகு, இது ஆட்டம் பாட்டம் இல்லை, உடற்பயிற்சிதான் என்று அவரே தீர்த்துக்கொண்டார்.

"நீங்களும் ஆடுவீங்களா தம்பி?"

"ஆடாம எப்படி மாமா?"

(இன்னும் சம்பந்தமே ஆகவில்லை. அதற்குள் மாமா.) அவர் அந்த 'மாமா'வைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு முடிவைச் சொல்கிறேன், சரியென்றால் ஈஸ்டர் கழிந்து கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று எழுந்துகொண்டார்.

கையில் ஆறு நாள் இருந்தது. மதாமிடம் போய், மூன்று சுற்று, ஒரு ஒற்றைக்கால் நிலை, ஒரு கும்பிடு, இது போதும், கற்றுக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஆம்பிளை அளவில் அங்கே இருந்தது ஒரே ஒரு ஜோடி. காலமான அவருடைய கணவருடையது. அந்த மனிதருக்கு வெள்ளைக்காரப் பாதம் போல, பூட்ஸ் முன்பக்கம் ஒடுங்கி, படகு மூக்கு மாதிரி இருந்தது. இது உனக்கு ஆகாது என்றார் மதாம். நான் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் நடந்து போனவன், என் கால் லாரி டயர் மாதிரி என்றேன். அவர் சிரித்தார். டயர் உள்ளங்காலில்தானே இருக்கிறது, வலி வரப்போவது அங்கே இல்லையே என்றார்.

முதல் நாள் பூட்ஸுக்குள் காலை நுழைத்தபோது என் ஐந்து விரல்களும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டன. அது அவற்றுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நிமிஷம் நன்றாகத்தான் ஓடினேன். இரண்டாவது நிமிஷம் சுண்டுவிரல் எரிந்தது. மூன்றாவது நிமிஷம் உள்ளங்கால் நடுவில் ஏதோ சுருண்டு இழுத்தது. உட்கார்ந்து கழற்றினால், விரல்கள் எல்லாம் நண்டுக் கொடுக்கு மாதிரி கீழ்நோக்கி வளைந்து நிற்கின்றன.

மதாம் குனிந்து பார்த்துவிட்டு, "உன் விரலு எதைடா பிடிச்சிக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. செருப்பைத்தான். முப்பது வருஷமாக ரப்பர் செருப்பு கழன்று போகாமல் இருக்க, ஒவ்வொரு அடிக்கும் விரல்களை மடக்கிப் பிடித்து நடந்தவன் நான். கிளம்பிவிட்ட ரயிலில் ஓடி ஏறியிருக்கிறேன், போலீஸ்காரர் துரத்த ஓடியிருக்கிறேன் (காரணம் இப்போது வேண்டாம்), ஒரு செருப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. அந்த வித்தைதான் இப்போது என் காலை வாரியது. லேஸ் போட்டு கணுக்காலுக்கு மேலேவரை இறுக்கிக் கட்டின பூட்ஸ் எங்கும் கழன்று போகாது. ஆனால் அது என் விரல்களுக்குத் தெரியவில்லை. விரலை நீட்டிப் பரப்பிவை, பூட்ஸை நம்பு என்று மதாம் ஐந்து நாளும் கத்தினார். நான் நம்பினேன். விரல்கள் நம்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா என் பாதம் முழுக்க விளக்கெண்ணெய் தடவினாள். நான் விரல்கள் மடங்காமல் இருக்க இடுக்கில் எல்லாம் பஞ்சு வைத்தேன். உரசாமல் இருக்க பிளாஸ்திரி ஒட்டினேன். அதற்கு மேல், துபாயில் ஐந்து பாஷையில் எல்லாரையும் தடுத்தேனே, அதே காரியத்தைச் செய்தேன். இரண்டு சாக்ஸ் போட்டேன். பிறகு அந்தப் படகு மூக்குக்குள் காலை அக்காவும் நானுமாகச் சேர்ந்து திணித்தோம்.

கிடங்கில் நல்ல கூட்டம். சவரிமுத்து முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். ரெஜினா கடையில் அனுமதி கேட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் ஆடி முடித்ததும் மதாம் எனக்கென்று வயலின் மட்டும் இழைகிற ஒரு பாட்டைப் போட்டார். மெதுவான பாட்டு. வேகமாகப் போனால் செத்துவிடுவாய் என்று சொல்லியிருந்தார்.

முதல் சுற்று போனேன். சிரித்தேன். இரண்டாவது சுற்றில் இடது காலின் விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. அதைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். மூன்றாவது சுற்றில், நட்ட நடுவில், கைகள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்து, ஒற்றைக்கால் நிலைக்காக வலது காலைப் பின்னால் தூக்கினேன். உடம்பு பாரம் முழுக்க இடது பாதத்தில் இறங்கியது. அது மொத்தமாகச் சுருண்டு இழுத்துக்கொண்டது.

இழுத்தது என்றால், துணி பிழிகிறபோது ஒரு கடைசி முறுக்கு முறுக்குவார்களே, அது. வலது காலை எப்படியோ கீழே இறக்கி, பூட்ஸ் நுனியில் பிரேக்குக்காக இருக்கும் ரப்பர் கட்டையை ஊன்றி நின்றுவிட்டேன். அவ்வளவுதான். இனிமேல் எந்தக் காலை எங்கே அசைத்தாலும் விழுவேன். கையை மடக்கினாலும் விழுவேன். எனவே விரித்த கை விரித்தபடி, தலை தோளில் சாய்ந்தபடி நின்றேன். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று மூடிக்கொண்டேன். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது.

 பின்வரிசையில் ஒரு அம்மா, "சிலுவைப்பாடு" என்று மெல்லச் சொன்னார்.

அது அப்படியே முன்வரிசைவரை பரவியது. நாளைக்குக் குருத்து ஞாயிறு, இயேசு பாடுபட்ட வாரத்தின் தொடக்கம். வயலின் அழுதுகொண்டிருக்கிறது. நடுவில் ஒருத்தன் கைகளை விரித்து, தலை சாய்ந்து, கண்ணீரோடு அசையாமல் நிற்கிறான். என்னதான் நினைப்பார்கள்? ஒருவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து வரிசையே எழுந்தது. சிலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சவரிமுத்து தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கைதட்டல் வந்தது. நிற்கவே இல்லை. நானும் நிற்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாமல் நின்றேன்.

வலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கைதட்டலில், ஆஹா, பெண் கிடைத்துவிட்டாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷமும் ஓடியது. நான் அப்படிப்பட்டவன்.

பாட்டு முடிந்தது. நான் முடியவில்லை. மதாம் கையைக் காட்டுகிறார், நான் அசையவில்லை. அப்போது ரெஜினா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு தரையில் நடந்து வந்தாள். கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தாள். பிறகு கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்கிற மாதிரி, ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, என் பாதத்தைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்து லேஸை அவிழ்த்தாள். பூட்ஸ் வரவில்லை. உள்ளே கால் வீங்கிவிட்டது. சவரிமுத்து ஓடி வந்தார். தியாகத்தில் களைத்துப்போன மாப்பிள்ளைக்கு உதவுகிறோம் என்ற பக்தியோடு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வந்த வேகத்தில் பூட்ஸோடு மல்லாந்து விழுந்தார்.

இரண்டு சாக்ஸும் அதோடு போய்விட்டன. விளக்கெண்ணெய் வழிய, பஞ்சும் பிளாஸ்திரியும் தொங்க, என் பாதம் எல்லாருக்கும் தெரியும்படி நீட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் இன்னும் அந்த இல்லாத செருப்பைப் பிடித்தபடியே இருந்தன.

ரெஜினா தலையை நிமிர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லிடுங்க" என்றாள்.

சொல்லாமலும் இருந்திருக்கலாம். தவக்கால பக்தி என்று சாதித்திருக்கலாம், நம்பத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவளோடு ஆயுள் முழுக்க கம்பியை வெட்டி வெட்டி வாழ முடியாது. தரையில் உட்கார்ந்தபடியே சவரிமுத்துவிடம் சொன்னேன். எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது. துபாயில் பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற ஆள். இப்போது நின்றது சிலுவைப்பாடு இல்லை, காலில் சுளுக்கு.

அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கையில் இருந்த பூட்ஸை ஒரு நாற்காலியில் ஒழுங்காக வைத்தார். பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா ஆட்டோவில் மூலக்குளம்வரை அழுதாள். முக்கால் வழியில், போட்டோவில் கம்பி எங்கே போச்சு என்று கேட்டாள். அதற்கும் பதில் சொன்னேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மறுநாள் குருத்தோலைப் பூசை முடிவில், பெரிய வியாழனன்று பாதம் கழுவப்பட வேண்டிய பன்னிரண்டு பேரின் பட்டியலை ஃபாதர் வாசித்தார். இயேசுவின் சீடர்களாக உட்காருகிறவர்களின் காலைக் கழுவி முத்தமிடுவது எங்கள் வழக்கம். ஏழாவது பெயர் என்னுடையது. பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே, வருங்கால மாப்பிள்ளையை ஊருக்குக் காட்டும் ஆசையில் சவரிமுத்துதான் கொடுத்திருக்கிறார். வாசித்த பிறகு எப்படி எடுப்பது? அவர் பீடத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். மற்ற பதினோரு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார்கள். கழுவ வேண்டிய கால் என்னுடையது ஒன்றுதான். வலது பாதத்தை மட்டும் நீட்ட வேண்டும். நல்ல கால் அதுதானே என்று நினைக்காதீர்கள். அதற்கும் இரண்டு சாக்ஸ்தான் போட்டிருந்தேன். கட்டைவிரல் நகம் கறுத்து, சுண்டுவிரலில் தோல் உரிந்து, மேலே ஊதா மருந்து. ஃபாதர் குனிந்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பக்கத்தில் தண்ணீர் ஜாடியோடு நின்றது சவரிமுத்து. அது அவர் வருஷா வருஷம் செய்கிற சேவை.

அவர் ஜாடியைச் சாய்க்காமல் பாதத்தையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது மாமா." நாக்கைக் கடித்துக்கொண்டேன். "வலிக்குதுங்க."

புண் இருந்த விரலில் படாமல், ஓரமாக, நூல் மாதிரி தண்ணீரை ஊற்றினார்.

"மாமான்னே சொல்லு" என்றார்.

ஈஸ்டர் கழிந்து மூன்றாவது வாரம் கல்யாணம். ரெஜினா பிறகு சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று காபி ஆறுவதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். இறுக்கமான பூட்ஸ் போட்டுப் பழகினவன் விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும், உங்களுது ஊர்வலம் போற மாதிரி இல்ல இருந்தது என்றாள். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். நீங்களே சொல்றீங்களான்னு பார்த்தேன் என்றாள். சொல்ல ஆறு நாளும் ஒரு சுளுக்கும் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் இப்போதும், யாராவது கொஞ்சம் கூட்டிப் பேசினால், 'காலைக் காட்டு' என்பார்கள். நான் சூரத் கதையை ஆரம்பித்தால் என் பெண்ணே கேட்பாள், "அப்பா, காலைக் காட்டு." அக்கா, பிளவுஸ் நாளைக்கு ரெடி என்று போனில் சொல்லும்போது ரெஜினா பின்னாலிருந்து அதைத்தான் சொல்வாள். பழகிப்போய், பொய் சொல்லப்போகிறவர்கள் முன்கூட்டியே காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.

போன மாசம் மாமாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவரிடம், நடக்கிறீர்களா என்று ரெஜினா கேட்டாள். விடியற்காலையில் பீச் ரோட்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நாலு தடவை என்றார். நான் அவரையே பார்த்தேன்.  அவர் மோர் கேட்கிற சாக்கில் மெதுவாக இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் மடக்கி, வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.